கூனும் கோணலும்: முதுகெலும்பு எப்படியெல்லாம் வளைகிறது, எதனால் வளைகிறது

நீங்கள் கேட்டதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. 12 வயது மகளுக்கு ஒரு தோள் உயர்ந்து தெரிகிறது, எக்ஸ்ரேயில் 18 டிகிரி ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கனமான பள்ளிப் பையும் கோணலாக உட்காரும் பழக்கமும்தான் காரணமா என்பது முதல் கேள்வி. பாட்டிக்கும் கூன் விழுந்திருக்கிறதே, இது பரம்பரையா என்பது இரண்டாவது. முதுகெலும்பு வளைவில் எத்தனை வகை, ஒவ்வொன்றும் எதனால் வருகிறது என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன், மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கட்டும். பையும் காரணமில்லை, உட்காரும் விதமும் காரணமில்லை, உங்கள் கவனக்குறைவும் காரணமில்லை. பாட்டியின் கூன் முற்றிலும் வேறு சங்கதி. மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதுகெலும்பு நேராக இருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பின்னாலிருந்து பார்த்தால் மட்டும்தான் அது நேர்கோடு. பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தில் உட்புறமாகவும், நெஞ்சுப் பகுதியில் வெளிப்புறமாகவும், கீழ்முதுகில் மறுபடி உட்புறமாகவும், அதற்கும் கீழே மறுபடி வெளிப்புறமாகவும் வளைந்து போகும். கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, கீழ்முதுகில் 5 என்று 24 முள்ளெலும்புகள் தனித்தனியாக அசையக்கூடியவை. அதற்குக் கீழே உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. கருவில் இருக்கும்போது முதுகு முழுவதும் ஒரே வளைவுதான். பிறந்து மூன்று நான்கு மாதத்தில் குழந்தை தலையைத் தூக்க ஆரம்பிக்கும்போது கழுத்தின் வளைவு உருவாகிறது. எழுந்து நின்று நடக்கும்போது கீழ்முதுகின் வளைவு உருவாகிறது. இந்த வளைவுகள் இருப்பதால்தான் தலை இடுப்புக்கு நேர் மேலே நிற்கிறது, நாமும் அதிகம் களைப்பில்லாமல் நிற்க முடிகிறது.

ஆக, கோளாறு என்பது மூன்று விதமாக வரலாம். இருக்கவே கூடாத பக்கவாட்டு வளைவு வந்தால் ஸ்கோலியோசிஸ், தமிழில் பக்கவளைவு. நெஞ்சுப் பகுதியில் இருக்க வேண்டிய வெளி வளைவு அளவுக்கு மீறினால் கைபோசிஸ், நாம் கூன் என்று சொல்வது. கீழ்முதுகின் உள் வளைவு அளவுக்கு மீறினால் லார்டோசிஸ். சிலருக்கு இரண்டு ஒன்றாகவும் வரும்.

இந்த மூன்றுமே நோயின் பெயர்கள் அல்ல என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வளைவின் திசையைச் சொல்லும் பெயர்கள், அவ்வளவுதான். 18 டிகிரி என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் முடிவு செய்ய முடியாது. அது ஏன் வந்தது, அந்த உடம்பு இன்னும் எவ்வளவு வளரப் போகிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். ஒரே 18 டிகிரி, வளர்ச்சி முடிந்த 17 வயதுப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை. 3 வயதுக் குழந்தைக்கு அது பெரிய விஷயமாக இருக்கலாம்.

ஸ்கோலியோசிஸை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் 10 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தால்தான் அந்தப் பெயரே வைப்பார்கள். அதற்குக் கீழே இருப்பது சின்ன ஏற்றத்தாழ்வு, நிறையப் பேருக்கு இருக்கும். படத்தில் அது பக்கவாட்டில் சாய்ந்த கோடு போலத் தெரிந்தாலும், நிஜத்தில் சுழல் படிக்கட்டு மாதிரி முதுகெலும்பு திருகிக்கொண்டு வளைகிறது. முள்ளெலும்பு திரும்பும்போது அதோடு சேர்ந்த விலா எலும்புகளும் திரும்பும். அதனால்தான் ஒரு பக்கம் தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு வரும், இடுப்பின் ஒரு பக்கம் வளைவாகவும் மறுபக்கம் தட்டையாகவும் தெரியும், தைத்த சட்டை ஒரு பக்கம் இறங்கி நிற்கும்.

இந்தத் திருகலைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் விவரித்த முறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். முதுகு நன்றாகத் தெரியும்படி பிள்ளையை நிற்கச் சொல்லுங்கள். பாதங்கள் சேர்ந்திருக்க வேண்டும், முழங்கால் மடங்கக் கூடாது. இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றாகச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டபடி மெதுவாக முன்னால் குனியச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து, கண்ணை முதுகின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். குனியக் குனிய, முதலில் மேல்முதுகு, அப்புறம் நடுமுதுகு, கடைசியில் கீழ்முதுகு என்று ஒவ்வொரு பகுதியும் அடிவானம் போலக் கண்ணுக்கு நேரே வரும். எங்காவது ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் தெரிந்தால், அங்கே எலும்பு திரும்பியிருக்கிறது. சும்மா சாய்ந்து நிற்கும் பழக்கம் உள்ள பிள்ளை குனிந்தால் இரண்டு பக்கமும் சமமாகிவிடும். மருத்துவமனையில் இந்த மேட்டின் மேல் ஸ்கோலியோமீட்டர் என்ற சிறு அளவியை வைத்துப் பார்ப்பார்கள். 5 முதல் 7 டிகிரி சாய்வு வந்தால் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். இந்தச் சாய்வு வேறு, எக்ஸ்ரேயில் வரும் கோணம் வேறு. இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

எக்ஸ்ரேயில் அளப்பது காப் கோணம். ஜான் காப் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1948-இல் எழுதிய முறை. வளைவின் மேல் முனையில் எந்த முள்ளெலும்பு அதிகம் சாய்ந்திருக்கிறதோ அதன் மேல் விளிம்பை ஒட்டி ஒரு கோடு, கீழ் முனையில் அதிகம் சாய்ந்திருப்பதன் கீழ் விளிம்பை ஒட்டி ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் கோணம்தான் உங்கள் கையில் இருக்கும் 18. இதில் பெற்றோர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால், ஏன், ஒரே ஆள் இரண்டு முறை அளந்தால்கூட, 5 டிகிரி வரை வித்தியாசம் வரும். அடுத்த படத்தில் 21 என்று வந்தால் வளைவு கூடிவிட்டது என்று அர்த்தமில்லை, 15 என்று வந்தால் பயிற்சி பலித்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. 5-க்கு மேல் மாறினால்தான் அதை மாற்றமாக எடுத்துக்கொள்வார்கள். இது தெரியாமல் 2 டிகிரி கூடியதற்கு அழுதுகொண்டு வருபவர்களும் உண்டு. 3 டிகிரி குறைந்ததைக் காட்டிக் காசு பறிப்பவர்களும் உண்டு.

இனி, ஏன் வருகிறது என்பதற்கு வருகிறேன். ஸ்கோலியோசிஸ் உள்ள பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு இன்ன காரணம் என்று ஒற்றைக் காரணத்தைக் காட்ட முடியாது. மருத்துவத்தில் இடியோபதிக் என்று எழுதுவார்கள். ஒன்றுமே தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு: இந்தப் பிள்ளைகளில் சுமார் 30 சதவீதத்தினரின் குடும்பத்தில் இன்னொருவருக்கும் வளைவு இருக்கிறது, ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு மற்ற இரட்டையரைவிட மிக அதிகம். ஆனாலும் அந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவதும் உண்டு. எனவே மரபணு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. ஒரே ஒரு மரபணு என்றும் இல்லை; சின்னச் சின்னதாகப் பங்களிக்கும் பல மரபணுக்கள்.

வளைவு தொடங்கிய பிறகு அது ஏன் கூடுகிறது என்பது ஓரளவு நன்றாகவே தெரியும். வளரும் எலும்பில் அழுத்தம் அதிகமாக விழும் பக்கம் வளர்ச்சி மந்தமாகும், அழுத்தம் குறைந்த பக்கம் வேகமாக வளரும். முதுகெலும்பு கொஞ்சம் வளைந்ததும் உட்பக்கம் அழுத்தம் கூடுகிறது. அந்தப் பக்கம் வளர்ச்சி குறைய, முள்ளெலும்பு ஆப்பு வடிவத்துக்கு மாறுகிறது. அதனால் வளைவு கூடுகிறது, வளைவு கூடியதால் அழுத்தமும் கூடுகிறது. வளர்ச்சி இருக்கும் வரை இந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். வயதுக்கு வரும் காலத்தில் பிள்ளைகள் மளமளவென்று உயரும் அந்த ஓரிரு வருடங்கள்தான் இதில் ஆபத்தான காலம். பதின்வயதுப் பிள்ளைகளில் 2 முதல் 3 சதவீதத்தினருக்கு 10 டிகிரிக்கு மேல் வளைவு இருக்கும். சின்ன வளைவு ஆண், பெண் இருபாலரிலும் ஏறக்குறைய சமம். 30 டிகிரியைத் தாண்டுவது மட்டும் பெண் பிள்ளைகளுக்குச் சுமார் பத்து மடங்கு அதிகம்.

பள்ளிப் பைக்கு மறுபடியும் வருகிறேன், ஏனென்றால் இந்தக் குற்ற உணர்ச்சியில் எத்தனையோ பெற்றோர் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். கனமான பையை ஒற்றைத் தோளில் மாட்டினால் பிள்ளை மறுபக்கம் சாய்வாள். பையை இறக்கினால் நிமிர்ந்துவிடுவாள். முதுகு வலிக்கலாம், கழுத்து பிடிக்கலாம், அதற்காகப் பையின் கனத்தைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் முள்ளெலும்பு திருகுவதற்கும் பைக்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரமில்லை. ஒருக்களித்துப் படுப்பது, கால்மேல் கால் போட்டு உட்காருவது, சின்ன வயதில் கீழே விழுந்தது, இவற்றுக்கும் இதுவேதான் பதில். அதனால் "நிமிர்ந்து உட்கார், நிமிர்ந்து உட்கார்" என்று அவளை நச்சரிக்காதீர்கள். அவள் செய்யாத தவறுக்கு அவளைத் திட்டுவதாகிவிடும்.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்டை நாடகங்களில் கூனனாகக் காட்டியே பழக்கிவிட்டார்கள். 2012-இல் லெஸ்டர் நகரில் அவருடைய எலும்புக்கூடு கிடைத்தபோது பார்த்தால், கூன் இல்லை, இருந்தது ஸ்கோலியோசிஸ். பிறவியிலேயே வந்ததும் இல்லை, பத்து வயதுக்குப் பிறகு தொடங்கியிருக்க வேண்டும் என்றார்கள் ஆய்வாளர்கள். உயிரோடு இருந்தபோது 65 முதல் 85 டிகிரி வரை இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. அவ்வளவு பெரிய வளைவோடு அவர் 1485-இல் போர்க்களத்தில் நின்று சண்டையிட்டுத்தான் இறந்தார். நம் காலத்தில் உசைன் போல்ட் தனக்கு ஸ்கோலியோசிஸ் உண்டு என்று வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். உங்கள் மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள். ஓடலாம், ஆடலாம், நீந்தலாம், எதையும் நிறுத்த வேண்டாம்.

பதின்வயதில் வருவது போலவே, காரணம் காட்ட முடியாத வளைவு சின்னக் குழந்தைகளுக்கும் வரும். மூன்று வயதுக்குள் வருவது ஆண் குழந்தைகளுக்குச் சற்று அதிகம், பெரும்பாலும் இடப்பக்கம் வளையும், இதில் பல வளைவுகள் தாமாகவே சரியாகிவிடும். சரியாகாதவைதான் கவலை. நுரையீரலின் காற்றறைகள் பெருகிக்கொண்டிருக்கும் பருவம் அது. நெஞ்சுக்கூடு கோணினால் நுரையீரல் வளர இடமிருக்காது. அதனால் இந்த வயதில் கண்டுபிடித்ததும் தாமதிக்காமல் மாவுக்கட்டு போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றி, குழந்தையின் வேகமான வளர்ச்சியையே நேராக்கும் சக்தியாகப் பயன்படுத்துவார்கள்.

பிறவி ஸ்கோலியோசிஸ் என்பது வேறு. கரு உருவாகி முதல் ஆறு வாரத்துக்குள் முள்ளெலும்புகள் அச்சாகும்போதே பிழை நேர்கிறது. ஒரு முள்ளெலும்பு பாதி மட்டும் உருவாகி முக்கோணமாக நிற்கும். அல்லது இரண்டு மூன்று முள்ளெலும்புகள் ஒரு பக்கம் மட்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் வளராது, மறுபக்கம் மட்டும் வளரும். எலும்பு பிறவியிலேயே இப்படி இருந்தாலும், வளைவு கண்ணுக்குத் தெரிய சில வருடங்கள் ஆகலாம். இந்த வகையில் முதுகை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பக் கூடாது. அதே வாரங்களில்தான் சிறுநீரகமும் இதயமும் உருவாகின்றன. அதனால் சிறுநீரகத்துக்கு அல்ட்ராசவுண்ட், இதயத்துக்கு எக்கோ, தண்டுவடத்துக்கு எம்.ஆர்.ஐ. மூன்றும் எடுத்துப் பார்ப்பதுதான் முறை.

தசையும் நரம்பும் சரியாக வேலை செய்யாததால் வரும் வளைவு இன்னொரு பெரிய கூட்டம். பெருமூளை வாதம், டூஷென் தசைநார்ச் சிதைவு, முதுகுத்தண்டு சரியாக மூடாமல் பிறக்கும் ஸ்பைனா பைஃபிடா, ஒரு காலத்தில் போலியோ. முதுகெலும்பைத் தாங்கிப் பிடிப்பது சுற்றியிருக்கும் தசைகள்தான். அவை தளர்ந்தாலும் சமமில்லாமல் இழுத்தாலும் முதுகு முழுவதும் ஒரே நீண்ட வளைவாகச் சரியும், இடுப்பெலும்பும் சேர்ந்து சாயும், சக்கர நாற்காலியில் நேராக உட்காரவே முடியாமல் போகும். இவர்களுக்கு வளர்ச்சி முடிந்த பிறகும் வளைவு கூடிக்கொண்டே போகும் என்பது கவனிக்க வேண்டியது. மார்ஃபான், நியூரோஃபைப்ரோமடோசிஸ் போன்ற மரபுக் கோளாறுகளின் ஒரு பகுதியாகவும் ஸ்கோலியோசிஸ் வரும்.

முதுகெலும்பில் எந்தப் பழுதும் இல்லாமலே வளைந்து தெரிவதும் உண்டு. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாக இருந்தால் இடுப்பு சாயும், அதை ஈடுகட்ட முதுகு வளையும். உட்கார வைத்தால் வளைவு மறைந்துவிடும். செருப்புக்குள் ஒரு தட்டு வைத்தாலே போதும். தசைப்பிடிப்பாலும் டிஸ்க் விலகலாலும் வரும் கோணலும் இந்த ரகம்தான். வலி போனால் அதுவும் போய்விடும். ஐம்பது அறுபது வயதுக்கு மேல் டிஸ்குகளும் மூட்டுகளும் ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்து புதிதாகவே ஸ்கோலியோசிஸ் வரலாம். அதில் வளைவைவிட, நடந்தால் கால் மரத்துப்போவதும் இடுப்பு வலியும்தான் ஆளைப் படுத்தும்.

சாதாரண வகை என்று விட்டுவிடக் கூடாத அறிகுறிகள் சில இருக்கின்றன. பதின்வயது வளைவு நெஞ்சுப் பகுதியில் பெரும்பாலும் வலப்பக்கம்தான் புடைக்கும். இடப்பக்கம் புடைத்தால் தண்டுவடத்துக்குள் நீர்ப்பை போன்று ஏதாவது இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும். இரவில் எழுப்பிவிடும் வலி, நடையில் தடுமாற்றம், சிறுநீர் கட்டுப்பாடு போவது, ஒரு பாதம் மட்டும் குழிந்துபோவது, முதுகின் நடுவில் முடிக்கற்றை, உடம்பில் காபி நிறத் திட்டுகள் பல இருப்பது, சில மாதங்களிலேயே வளைவு விறுவிறுவென்று கூடுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி கூன். நெஞ்சுப் பகுதியின் வெளி வளைவு சுமார் 20 முதல் 45 டிகிரி வரை இயல்பு. பதின்வயதில் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கும் பிள்ளைக்கு இருப்பது பெரும்பாலும் பழக்கக் கூன். நிமிரச் சொன்னால் நிமிர்ந்துவிடும், குப்புறப் படுக்க வைத்தால் தட்டையாகிவிடும். நிமிரச் சொன்னாலும் நிமிராமல், குனியும்போது நடுமுதுகில் கூர்மையாக மேடு தெரிந்தால் அது ஷூயர்மன் நோயாக இருக்கலாம். டென்மார்க்கைச் சேர்ந்த ஹோல்கர் ஷூயர்மன் சுமார் நூறு வருடங்களுக்கு முன் விவரித்தது. அடுத்தடுத்த மூன்று முள்ளெலும்புகளாவது ஒவ்வொன்றும் 5 டிகிரிக்குக் குறையாமல் முன்பக்கம் ஆப்பு போலச் சிறுத்திருக்கும். இது பழக்கத்தால் வருவதில்லை, பிள்ளையின் சோம்பலும் இல்லை, எலும்பு வளர்ச்சியின் கோளாறு. வருடக்கணக்கில் "கூன் போடாதே" என்று திட்டு வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடித்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

பாட்டியின் கூனுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மகளைவிடப் பாட்டிக்குத்தான் இப்போது அவசரமாக ஏதாவது செய்ய வேண்டியிருக்கலாம். வயதானால் கூன் விழும் என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைந்து, உள்ளே வலைப்பின்னல் போல இருக்கும் எலும்பு இழைகள் மெலிந்துபோகின்றன. அதுதான் எலும்புப்புரை. அந்த நிலையில் கீழே விழக்கூட வேண்டாம். குனிந்து ஒரு வாளியைத் தூக்கினாலோ, இருமினாலோகூட முள்ளெலும்பின் முன்பக்கம் நொறுங்கி அமுங்கிவிடும். பின்பக்கம் அப்படியே நிற்கும். சதுரமாக இருந்தது ஆப்பு வடிவமாகிவிடும். இப்படி இரண்டு மூன்று எலும்புகள் அமுங்கினால் அதுதான் கூன். இந்த முறிவுகளில் மூன்றில் ஒன்றுதான் முறிவு என்று மருத்துவரின் கவனத்துக்கே வருகிறது. மற்றவை "முதுகு பிடித்துக்கொண்டது" என்று தைலம் தேய்த்துக் கடந்துபோனவை. பாட்டி இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குட்டையாகியிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

ஒரு முள்ளெலும்பு அமுங்கினால் அடுத்தது அமுங்கும் அபாயம் அதிகம்; புதிதாக ஒன்று முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொன்றும் முறிகிறது. இடுப்பெலும்பும் அதே போலத்தான் பலவீனமாகியிருக்கும், அதுவும் முறியலாம். விழுந்த கூனை நிமிர்த்த முடியாவிட்டாலும் அடுத்த முறிவைத் தடுக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே, எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன், இரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம் பார்த்துவிட்டுச் சிகிச்சை தொடங்கலாம். உங்கள் மகளுக்கு ஸ்கோலியோசிஸ் வந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கூனுக்கு வேறு காரணங்களும் உண்டு. முதுகெலும்பில் காசநோய் வந்தால் அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளும் நடுவில் இருக்கும் டிஸ்கும் அரித்துப்போய், முதுகு சட்டென்று ஒரே இடத்தில் முனை போலத் துருத்தும். பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் 1779-இல் எழுதியதால் இதற்குப் பாட் நோய் என்று பெயர். தொடர் முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் எடை குறைவதும் இருந்தால் இதை நினைக்க வேண்டும். சரியான நேரத்தில் மருந்து தொடங்கினால் குணமாகும். விட்டால் தண்டுவடம் அழுந்திக் கால்கள் செயலிழக்கலாம். இளம் வயதினருக்குக் காலையில் எழுந்ததும் முதுகு மரக்கட்டையாக இறுகி, நடமாட நடமாடச் சரியானால் அது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, குனிந்த நிலையிலேயே முதுகு உறைந்துவிடும். பிறவிக் கூனும் உண்டு. தண்டுவடத்தை அழுத்தும் ஆபத்து அதில் அதிகம் என்பதால் சின்ன வயதிலேயே அறுவை சிகிச்சை செய்வார்கள்.

லார்டோசிஸைச் சுருக்கமாக முடித்துவிடலாம். கீழ்முதுகு அதிகமாக உள்ளே குழிந்து, வயிறு முன்னாலும் பின்பக்கம் பின்னாலும் தள்ளித் தெரியும். பெரும்பாலும் இது வேறொன்றை ஈடுகட்ட வருவது: நெஞ்சுப் பகுதியில் கூன் இருந்தால், இடுப்பு மூட்டு முழுதாக நீளாமல் மடங்கியே இருந்தால், தொப்பை பெருத்தால், வயிற்றுத் தசை தளர்ந்தால், கர்ப்ப காலத்தில். ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின் மேலிருந்து முன்னால் நழுவும் ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸிலும், தசைச் சிதைவு நோயிலும் வரும். காரணத்தைப் பார்த்துச் சரிசெய்தால் போதும். நெகிழ்வாக இருக்கும் குழிவுக்குத் தனியாகச் சிகிச்சை தேவைப்படுவதில்லை.

சரி, உங்கள் மகளுக்கு இப்போது என்ன செய்ய வேண்டும்? அவள் எவ்வளவு வளர்ச்சி மிச்சம் வைத்திருக்கிறாள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். வயதுக்கு வந்துவிட்டாளா, எப்போது என்பது முக்கியமான தகவல். உயரம் மளமளவென்று கூடும் உச்சக்கட்டம் பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் முடிந்திருக்கும். எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைப் பார்த்து ரிஸர் என்று 0 முதல் 5 வரை ஒரு எண் கொடுப்பார்கள். 0 என்றால் வளர்ச்சி நிறைய மிச்சம், 5 என்றால் முடிந்தது. 1984-இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், ரிஸர் 0 அல்லது 1-இல் இருந்த பிள்ளைகளில் 20 டிகிரிக்குக் கீழ் இருந்த வளைவுகளில் 22 சதவீதம்தான் கூடின. 20 முதல் 29 வரை இருந்தவற்றில் 68 சதவீதம் கூடின. உங்கள் மகள் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறாள். பெரும்பாலும் கூடாது, ஆனால் கண் வைத்திருக்க வேண்டும். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

வளர்ச்சி மிச்சமிருக்கும்போது 25 டிகிரியைத் தாண்டினால் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி இறுக்கமாக அணியும் தாங்கி, போடச் சொல்வார்கள். பிரேஸ் வீண் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2013-இல் வெளியான பெரிய ஆய்வு அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டது: பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதத்தினருக்கு வளைவு 50 டிகிரியை எட்டாமலே வளர்ச்சி முடிந்தது, போடாமல் கவனித்து மட்டும் வந்தவர்களில் அது 48 சதவீதம். பலன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். எவ்வளவு மணி நேரம் அணிந்தார்களோ அந்த அளவுக்குப் பலன். நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரத்துக்கு மேல் அணிந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வெற்றி. பிரேஸ் வளைவை நேராக்காது, கூடாமல் பிடித்து நிறுத்தும். அதை முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட்டால், கழற்றியதும் ஏமாற்றம் இருக்காது.

45, 50 டிகிரிக்கு மேல் போனால்தான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு. 50-ஐத் தாண்டிய வளைவு வளர்ந்த பிறகும் வருடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி என்று கூடிக்கொண்டே போவதுதான் காரணம். 30-க்குக் கீழ் நின்றுவிட்ட வளைவு பெரும்பாலும் அப்படியே நிற்கும். மூச்சு பாதிக்கப்படுவது 80, 100 டிகிரி அளவுக்குப் போகும்போதுதான். உங்கள் மகளுக்கு அந்தப் பயமே வேண்டாம். நாளைக்குக் கல்யாணம், பிரசவம் எல்லாம் எப்படி என்று வீட்டில் யாராவது கேட்பார்கள், கேட்டிருப்பார்கள்கூட. இந்த அளவு வளைவு எதற்கும் தடையில்லை.

பிசியோதெரபி பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. வளைவுக்கென்றே வகுத்த பயிற்சிகள் இருக்கின்றன, அவற்றில் ஷ்ரோத் முறை பரவலாகத் தெரிந்தது. நிற்கும் விதத்தையும் மூச்சையும் தசைப் பலத்தையும் மேம்படுத்தும், சின்ன வளைவில் பலன் தரலாம், செய்யட்டும். பிரேஸ் தேவைப்படும் கட்டத்தில் அதற்குப் பதிலாகப் பயிற்சி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலும்பை நெட்டி முறித்து வளைவை நேராக்குகிறேன் என்று சொல்பவரிடம் போகவே போகாதீர்கள்.

அடுத்த முறை போகும்போது பழைய எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோங்கள், அதே முள்ளெலும்புகளை வைத்து அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். ரிஸர் எண் எத்தனை, வளைவு எந்தப் பக்கம், எங்கே என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை சுவரில் நிறுத்தி உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் திடீரென்று உயர்ந்தால் ஆறு மாதம் காத்திருக்காமல் முன்னதாகவே காட்டுங்கள். அதே நாளில் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போய் டெக்ஸா ஸ்கேனுக்கு எழுதி வாங்குங்கள்.